விண்ணப்பத்தைப் படிக்கும் பொறி

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

1912ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள், சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர், எழுத்தர் வேலை வேண்டிச் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். தாம் மெட்ரிகுலேஷன் தேறியவர் என்றும், எஃப்.ஏ. வரை படித்தும் சூழ்நிலையால் மேலே தொடர இயலாமற்போனவர் என்றும், அதன்பின் தம் நேரத்தைக் கணிதத்திலேயே செலவிட்டு வருபவர் என்றும் ஒளிவுமறைவின்றிக் குறிப்பிட்டார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையையும் உடன் வைத்தார். மார்ச் முதல் நாள் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

அந்த விண்ணப்பம் இன்று ஒரு பெரிய நிறுவனத்தின் இணையதளத்தில் ஏற்றப்படுமானால் என்ன ஆகும்? முதற் பக்கத்திலேயே ஒரு கேள்வி நிற்கும்: பட்டம் பெற்றவரா, ஆம் அல்லது இல்லை. 'இல்லை' என்று குறியிட்ட நொடியிலேயே விண்ணப்பம் ஒதுங்கிவிடும். கணிதம் பற்றி அவர் எழுதிய வரியை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். இராமானுஜன் நம்மைப்போல் ஓர் அரசுக் கல்லூரியில் படித்தவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்விலும் தோற்றவர். அவருக்கே இந்நிலை என்றால் நாம் எம்மாத்திரம் என்று மலைக்க வேண்டியதில்லை. அந்தப் பொறி எப்படிப் படிக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். மூன்றாமாண்டு முடிந்து நம்மில் பெரும்பாலோர் விண்ணப்பம் அனுப்பத் தொடங்கும்போது அதை முதலில் படிப்பது பெரும்பாலும் மனிதக் கண்ணாக இராது.

பொறி வந்த வழி

வேலை தேடுவோரைச் சலித்தெடுப்பது புதிய செயலன்று. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கிய நடுவண் அரசின் சட்டம் 1959ல் வந்தது. அக்காலத்தில் அலுவலகத்தில் பதிந்த ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் படிப்பு, தொழிலுக்குரிய குறியீட்டு எண், பதிவு செய்த நாள் ஆகியவை இருக்கும். ஓரிடம் காலி என்று தகவல் வந்தால், எண் பொருந்திய அட்டைகளை எடுத்து, மூப்பு வரிசைப்படி அழைப்பு அனுப்புவார்கள். தட்டச்சு தெரிந்தும் அதை அட்டையில் பதிந்துகொள்ளாதவருக்குத் தட்டச்சர் வேலைக்கு அழைப்பு வராது. அவர் விரல் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அட்டைப்பெட்டிக்குத் தெரியாதல்லவா? இன்றைய பொறியின் இயல்பு ஏறக்குறைய முழுவதும் அந்த அட்டைப்பெட்டியிலேயே அடங்கியிருக்கிறது.

1980களின் இறுதியில் அமெரிக்காவில், தாளில் வந்த விண்ணப்பங்களைப் படமெடுத்து, எழுத்துகளைப் பிரித்தறிந்து, சொற்களைத் தேடித்தரும் மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் 1997ல் நௌக்ரி இணையதளம் தோன்றியபின் விண்ணப்பங்கள் தாளைவிட்டு நீங்கலாயின. இன்று இத்தகைய மென்பொருள்களை ஏ.டி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். விண்ணப்பதாரரைத் தொடர்ந்து கணக்கு வைக்கும் பேரேடு என்பது அதன் பொருள். இவற்றுள் ஒன்றான ஜோஹோ ரெக்ரூட், சென்னையில் தலைமையிடம் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் படைப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விண்ணப்பங்களைச் சலிக்கும் மென்பொருளை உலகுக்கு விற்கும் அதே நிறுவனம், பள்ளிப் படிப்பை முடித்தவர்களைத் தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்து, பட்டம் கேளாமலே வேலையிலும் அமர்த்தி வருகிறது.

சலிப்பது என்றால் என்ன என்பது முள்ளுக்குறிச்சி, நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கத்து மாணவர்களுக்கு விளக்கவேண்டிய செய்தியன்று. ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துத் தண்ணீர்விட்டுச் சலிக்கும்போது மாவுப்பால் கீழே இறங்கும். திப்பி மேலே நிற்கும். சல்லடைக்குக் கிழங்கின் தரம் தெரியாது, விளைந்த காடு தெரியாது, உழைத்தவரும் தெரியாது. தன் கண்ணின் அளவு ஒன்றே அதற்குத் தெரியும். நல்ல மாவே கட்டிபட்டுப்போனால் அதுவும் திப்பியோடு திப்பியாக மேலேதான் நிற்கும். கட்டியை உடைத்துவிடுவது மட்டுமே நம் வேலை.

நூற்றுக்கு எழுபத்தைந்து விண்ணப்பங்களைப் பொறியே குப்பையில் தள்ளிவிடுகிறது என்று ஒரு கணக்கு எங்கும் உலவுகிறது. விண்ணப்பம் திருத்தித் தருவதாகப் பணம் கேட்பவர்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். இதற்கு நம்பத்தகுந்த ஆய்வு ஒன்றையும் அவர்கள் காட்டுவதில்லை. பொறி நேராக ஒதுக்குவது பெரும்பாலும் நுழைவாயில் கேள்விகளால்: பட்டம் உண்டா, அரியர் நிலுவையில் உண்டா, பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை 60 விழுக்காடு தொடர்ந்து உண்டா, இரவுப்பணிக்கு இசைவா, ஓசூரில் தங்க முடியுமா என்பன போன்றவை. இவற்றுக்குப் பொய் விடை கூறுதல் வீண்வேலை. சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அகப்பட்டுப் போகும். ஆனால் கேள்வியைப் படிக்காமல் அவசரத்தில் தவறான கட்டத்தைத் தட்டுவது பொய்யைவிட மிகுதியாக நடக்கும் என்பது என் கணிப்பு. கைப்பேசியில் ஓடும் பேருந்திலிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். மற்ற விண்ணப்பங்களை எல்லாம் பொறி சேர்த்துவைத்து வரிசைப்படுத்துகிறது. அல்லது அலுவலர் ஒரு சொல்லைத் தேடும்போது எடுத்துக்கொடுக்கிறது. ஐந்நூறு பேரில் முந்நூறாவது ஆளாக நிற்பதும், தேடியபோது அகப்படாமற் போவதும் தள்ளப்பட்டதற்குச் சமமே.

எழுத்தைப் பிரித்தெடுத்தல்

நாம் அனுப்பும் கோப்பிலிருந்து வெறும் எழுத்துகளை மட்டும் உருவி எடுப்பது பொறியின் முதல் வேலை. இங்கேதான் நம்மவர்கள் மிகுதியாக இழக்கிறார்கள் என்பேன்.

பலர் கடையில் தட்டச்சு செய்த தாளைக் கைப்பேசியால் படமெடுத்து அதையே பி.டி.எஃப். ஆக்கி அனுப்புகிறார்கள். மனிதருக்கு அது விண்ணப்பம். பொறிக்கோ அது ஒரு புகைப்படம். படத்திலிருந்து எழுத்தறியும் திறன் சில மென்பொருள்களுக்கு உண்டு. ஆனால் நிழல் விழுந்த, சாய்ந்த தாளில் அதை நம்புவது கூடாது. வேர்டு கோப்பிலிருந்து நேராக உருவாக்கிய பி.டி.எஃப்.இல் எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

இன்னொரு பகுதியினர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அழகிய மாதிரிகளை எடுத்துக்கொள்கிறார்கள். இடப்பக்கம் வண்ணப் பட்டை, அதில் வட்டமான புகைப்படம், தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக ஒரு குட்டித் தொலைபேசிப் படம், ஆங்கில அறிவுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம்! பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பத்திகளாக அமைந்த பக்கத்தைச் சில பொறிகள் குறுக்காகப் படித்துவிடும். இடப்பத்தியின் முதல் வரியும் வலப்பத்தியின் முதல் வரியும் ஒட்டிக்கொண்டு, 'பெற்றோர் பெயர் பருமனறி பகுப்பாய்வு' என்பது போல ஒரு வாக்கியம் பிறக்கும். பக்கத்தின் தலைப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் தனியே பொதியப்பட்ட எழுத்தைச் சில பொறிகள் எடுப்பதே இல்லை. நம் தொலைபேசி எண் அங்கே இருந்தால், தேர்வானாலும் அழைக்க வழியில்லை. நட்சத்திரத்தைப் பொறி படிப்பதில்லை. மனிதருக்கும்கூட நான்கு நட்சத்திர ஆங்கிலம் என்றால் என்னவென்று விளங்கப் போவதில்லை.

தமிழில் எழுதப்படும் விண்ணப்பங்களுக்கு உள்ள இடர் தனி வகையானது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், உள்ளே இருப்பது ரோமன் எழுத்து. மேலே போர்த்தியிருப்பது மட்டுமே தமிழ் உருவம். எழுத்துருவைக் கழற்றிவிட்டுப் படிக்கும் பொறிக்குப் பொருளற்ற ரோமன் எழுத்துகள்தாம் தெரியும். யூனிகோடு முறையில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதிலும் பி.டி.எஃப். ஆக்கியபின் எழுத்தை உருவும்போது ஒரு வேடிக்கை நிகழ்வதுண்டு. நம் எழுத்தில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் கொம்பும் மெய்க்கு முன்னால் நிற்பவை. யூனிகோடோ அவற்றை மெய்க்குப் பின்னால் சேமித்து வைப்பது. கண்ணில்படும் வரிசையிலேயே உருவி எடுக்கும் பொறியிடம் 'கொல்லிமலை'யைக் கொடுத்தால் 'ெகால்லிமைல' என்று திருப்பித் தரும். கொல்லிமலை என்று தேடுகிறவருக்கு இது அகப்படுமா? ஆதலால் தமிழில் அனுப்பவேண்டிய இடங்களில், நிறுவனம் ஏற்குமானால், வேர்டு கோப்பாகவே அனுப்புதல் நலம்.

இவ்வளவையும் சோதிக்க ஒரு காசும் செலவில்லை. நம் கோப்பைத் திறந்து, முழுவதையும் தெரிவு செய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பார்க்கலாம். அங்கே எது ஒழுங்காக வரிசையாக நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே பொறி படிக்கப்போவது. அங்கே குளறுபடியாக இருந்தால் பொறியிலும் குளறுபடிதான்.

தந்தை பெயரும் தலைப்பெழுத்தும்

எழுத்தை உருவியபின், எது பெயர், எது ஊர், எது படிப்பு என்று பொறி பகுக்கிறது. இவற்றுள் நமக்கென்றே அமைந்த சிக்கல் பெயர்.

1929ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு தீர்மானம் செய்தது. அந்த எண்ணம் பரவிய நாட்டில் பிறந்த நமக்கு, தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும் மட்டுமே உள்ளன. பெயரைக் கேட்டு இன்னார் என்று அறிந்துகொள்ளும் வழியை அடைத்த ஏற்பாடு அது. ஆனால் உலகத்துப் படிவங்கள் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு, அதை நிரப்பினாலன்றி அடுத்த பக்கம் திறப்பதில்லை. சில படிவங்கள் ஓரெழுத்தை ஏற்பதும் இல்லை. 'ப. செல்வி' என்று ஒருவர் எழுதினால், 'ப' என்பதைப் பெயராகவும் செல்வியைக் குடும்பப் பெயராகவும் கொண்டு, 'அன்புள்ள ப' என்று பொறி மடல் அனுப்பும்.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்ததுதான். சீனிவாச என்பது இராமானுஜனின் தந்தை பெயர். அதை அவருடைய முதற்பெயர் என்றே மேல்நாட்டு நூல்கள் பல கருதின. சதுரங்க வீரர் ஆனந்தின் தந்தை பெயர் விசுவநாதன். அயல்நாட்டார் தந்தை பெயரை இவர் பெயராகக் கொண்டு, அதையும் சுருக்கி 'விஷி' என்று அழைக்கத் தொடங்கினர்; அதுவே நிலைத்துவிட்டது. உலகப் புகழ் பெற்றவருக்கு இதனால் குறைவொன்றுமில்லை. வேலை தேடும் நமக்கோ, கல்லூரிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பான் அட்டையில் விரிந்த மற்றொரு பெயர் என்றிருந்தால், தேர்வான பின்னரும் சரிபார்ப்புக் கட்டத்தில் வாரக்கணக்கில் நிற்க நேரும்.

நான் பரிந்துரைப்பது இதுதான்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாகக் கொள்ளவேண்டும். தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை அல்லது தாய் பெயரைக் கடைசிக் கட்டத்தில் எழுதவேண்டும். எல்லாப் படிவத்திலும் மின்னஞ்சலிலும் விண்ணப்பத்திலும் அதையே மாறாமல் பின்பற்றவேண்டும். ஆதாரில் வேறாக இருந்தால் மூன்றாமாண்டுக்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயரும் அப்படியே. முள்ளுக்குறிச்சியை ஆங்கிலத்தில் எழுதும்போது 'எல்' இரண்டா ஒன்றா, 'கே' இரண்டா ஒன்றா என்பதில் ஒரே வீட்டில் உள்ள அட்டைகளே ஒத்துப்போவதில்லை. பொறிக்கு ஊர்ப் பெயரைவிட மாவட்டமும் அஞ்சல் குறியீட்டு எண்ணுமே பிடிபடும்; அவ்விரண்டையும் தவறாமல் எழுதவேண்டும். கல்லூரிப் பெயரைச் சுருக்கக்கூடாது. 'அரசு கலைக் கல்லூரி' என்று மட்டும் எழுதினால் தமிழகத்தில் எத்தனையோ உண்டு. சான்றிதழில் உள்ள முழுப்பெயரையும், பெரியார் பல்கலைக்கழகம், சேலம் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

அறிவிப்பின் சொல்லும் நம் சொல்லும்

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். நிறுவனத்தின் வேலை அறிவிப்பில் உள்ள சொற்களையும் நம் விண்ணப்பத்தில் உள்ள சொற்களையும் பொறி ஒப்பிடுகிறது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கிடையாது. 1972ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். பல ஆவணங்களில் வரும் சொல்லைவிடச் சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கே தேடுதலில் மதிப்பு மிகுதி என்பது அக்கருத்து. தேடுபொறிகள் பலவற்றுக்கு இது அடித்தளம். கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு வேலைக்கு 1000 விண்ணப்பங்கள் வந்தன என்று கொள்வோம். அவற்றுள் 900 பேர் தம்மைக் 'கடின உழைப்பாளி' என்று எழுதியிருந்தால், அச்சொல்லின் எடை 1000ஐ 900ஆல் வகுத்து வந்த ஈவின் மடக்கை. அதாவது ஏறத்தாழ 0.046. 'டைட்ரேஷன்' என்ற சொல் 10 பேரிடம் மட்டும் இருந்தால் அதன் எடை 100இன் மடக்கை, அதாவது 2. நாற்பது மடங்குக்கும் மேல்! கடின உழைப்பாளி என்று எழுதுவதனால் குற்றமில்லை. அதனால் ஒன்றும் ஆவதில்லை என்பதே செய்தி.

ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. நம் ஆய்வகக் குறிப்பேட்டின் தலைப்பு 'வால்யுமெட்ரிக் அனாலிசிஸ்'. பியூரெட்டும் பிப்பெட்டும் கொண்டு நாம் செய்வது டைட்ரேஷன். வேதியியல் மாணவருக்கு இரண்டும் ஒன்றே. சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் பொறிக்கு அவை இரண்டு வேறு பொருள்கள். மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கான அறிவிப்பில் 'டைட்ரேஷன்' என்றிருக்க, நாம் 'வால்யுமெட்ரிக் அனாலிசிஸ்' என்று மட்டும் எழுதினால், மூன்றாண்டுகள் செய்த வேலையைச் செய்யாதவர்களாகவே பதிவாவோம். புதிய மென்பொருள்கள் பொருளொத்த சொற்களை ஓரளவு இனங்காண்கின்றன. எந்த நிறுவனம் எதை வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாதாகையால் இரண்டையும் எழுதிவிடுவதே அறிவுடைமை. சுருக்கப் பெயர்களும் அவ்வாறே. ஹெச்.பி.எல்.சி. என்பதையும் ஹை பெர்ஃபார்மன்ஸ் லிக்விட் குரோமட்டோகிராஃபி என்ற விரிவையும் ஒருமுறை சேர்த்து எழுதவேண்டும். அதைக் கையாண்டவர்கள் மட்டுமே எழுதவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

'வேதியியல் ஆய்வக அனுபவம் உண்டு' என்று எழுதுவதைக் காட்டிலும், 'அமில கார டைட்ரேஷன், பெர்மாங்கனேட் டைட்ரேஷன் முறைகளில் கரைசல்களின் செறிவைக் கணித்தல். தரக் கரைசல் தயாரித்தல். கரிமச் சேர்மங்களின் பண்பறி பகுப்பாய்வு' என்று எழுதுவது மேல். முதல் வரியைத் தமிழகத்தின் எல்லா வேதியியல் மாணவரும் எழுதலாம். இரண்டாம் வரி செய்தவருடைய கையைக் காட்டுகிறது, பொறிக்கும் பிடிகொடுக்கிறது, நேர்முகத்தில் அமரும் அலுவலருக்கும் கேள்வி கேட்க இடம் தருகிறது.

நம் விண்ணப்பங்களில் 'அனுபவம்: இல்லை' என்ற வரி தவறாமல் இடம்பெறுவதைக் கண்டிருப்பீர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு, சம்பளச் சீட்டு தந்த வேலைதான் அனுபவம் என்ற எண்ணம் இருக்கிறது. விடுமுறையில் ஆலையில் மூட்டைக்கணக்கு எழுதியவர் இருக்கிறார். மலையிலிருந்து வரும் மிளகையும் பலாவையும் எடைபோட்டு, வியாபாரியிடம் பணம் வாங்கி, வீட்டுக் கணக்கு வைத்தவர் இருக்கிறார். 2021ல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்து மாலைநேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அக்காமார்களும் அண்ணன்மார்களும் உண்டு. இருப்புப் பதிவு, எடை சரிபார்த்தல், கற்பித்தல் என்று தொழில் உலகம் அழைப்பவை இவையே. எத்தனை மாதம், எத்தனை பிள்ளைகள், என்ன பதிவேடு என்று எண்ணோடு எழுதினால் அது பெருமை பேசுவது ஆகாது. 2022 மார்ச் முதல் நாள் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தில் படித்த படிப்புகளையும், திட்டத்தின் பெயரை மட்டும் எழுதாமல், படிப்பின் முழுப்பெயரோடும் கற்ற மென்பொருளின் பெயரோடும் குறிக்கவேண்டும்.

குறுக்குவழி ஒன்று பேசப்படுகிறது. அறிவிப்பில் உள்ள சொற்களையெல்லாம் வெள்ளை எழுத்தில், வெள்ளைத் தாளில், மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைப்பது. இப்போது செயற்கை நுண்ணறிவு படிக்கும் இடங்களில், 'இவரையே தேர்ந்தெடு' என்று பொறிக்குக் கட்டளையே ஒளித்து எழுதுகிறவர்களும் உண்டாம். பொறி எழுத்தை உருவும்போது வெள்ளையும் கறுப்பும் ஒன்றே என்பது மெய்தான். ஆனால் உருவிய எழுத்தையே அலுவலர் தம் திரையில் பார்ப்பதும் உண்டு. அங்கே நம் ஒளிவுமறைவு முழுவதும் கறுப்பு எழுத்தில் நிற்கும்.

மனிதரா, பொறியா?

பொறி கெட்டது, மனிதர் நல்லவர் என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிட முடியுமா? எனக்கு அது அவ்வளவு தெளிவாக இல்லை.

சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்னும் அறிஞர்கள் 2007ல் எக்கனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த தனியார்துறை வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று கொண்டால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்று விடை வந்தது. படிப்பும் தகுதியும் ஒத்திருக்கப் பெயர் செய்த வேலை இது. செங்கற்பட்டுத் தீர்மானத்தின் பயனை இந்த எண்களைக் கொண்டும் மதிப்பிடலாம்.

இராமானுஜனுக்கு வருவோம். அவருடைய 1912ஆம் ஆண்டு விண்ணப்பம் தானாக வென்றதன்று. திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவரும் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவருமான வி. இராமசாமி ஐயர் அவருடைய குறிப்பேட்டைத் திறந்து பார்த்துச் சென்னைக்கு அறிமுகக் கடிதம் தந்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். இவர்களைப் போன்றோரின் கைமாறிக் கைமாறியே அவர் துறைமுகக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அறிமுகக் கடிதம் தர ஆள் இல்லாத குடும்பங்களிலிருந்து வருகிற நம்மைப் போன்றவர்களிடம் பொறி, 'யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பதில்லை. அந்த அளவுக்கு அது நமக்கு நட்பு.

ஆனால் மனிதர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பொறி, அவருடைய கோணலையும் கற்றுக்கொள்ளும். அமேசான் நிறுவனம் 2014 முதல் விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் பொறி ஒன்றை உருவாக்க முயன்றது. பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களை அதற்குப் பாடமாக வைத்தார்கள்; அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்கள் என்ற சொல் வந்தாலே மதிப்பைக் குறைக்கவும், இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தோரைத் தாழ்த்தவும் பொறி கற்றுக்கொண்டது. முயற்சி கைவிடப்பட்டதை 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. 2021ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்செஞ்சரும் வெளியிட்ட ஆய்வறிக்கையில், தகுதியுள்ள விண்ணப்பதாரர்களும் குறித்த அளவுகோல்களுக்கு அப்படியே பொருந்தாமையால் தம் பொறிகளால் விலக்கப்படுகிறார்கள் என்று 88 விழுக்காடு முதலாளிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்தவர்களை அந்த ஒரு காரணத்துக்காகவே வடிகட்டும் நிறுவனங்களும் அதில் ஏராளம். பட்டம் பெற்றபின் தாயின் நோய்க்காகவோ தம்பி தங்கையரின் படிப்புக்காகவோ ஓராண்டு வீட்டோடு இருந்துவிட்ட நம் அக்காமார்களை இது நேராகத் தாக்கும். அந்த ஓராண்டைக் காலியாக விடாமல், அப்போது செய்ததையும் படித்ததையும் தேதியோடு எழுதுவதே இப்போதைக்கு உள்ள வழி.

நியூயார்க் மாநகரில் இத்தகைய பொறிகளைப் பாரபட்சம் உண்டா என்று தணிக்கை செய்து வெளியிடவேண்டும் என்ற சட்டம் 2023 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆள்தேர்வுப் பொறிகளை உயர் இடர் கொண்டவை என வகைப்படுத்தியிருக்கிறது. நம் நாட்டிலும் இதுபற்றிக் கேள்வி எழுப்பவேண்டியவர்கள், பொறியின் முன் நிற்கப்போகும் மாணவர்களாகிய நாம்தாம். பொருளியல் துறையும் கணிப்பொறித் துறையும் சேர்ந்து ஒரு கருத்தரங்கு நடத்தினால் பயனுண்டு.

பொறி இல்லாத வாயில்களும் இன்னும் இருக்கின்றன. அரசுத் தேர்வாணையத் தேர்வுகளில் விண்ணப்பத்தின் நடை பார்க்கப்படுவதில்லை, மதிப்பெண்ணே பேசும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார்துறை முகாம்களில் தாளை ஒருவர் கையில் வாங்கி, நம் முகத்தையும் பார்த்துப் படிக்கிறார். ஆகவே இரண்டு விண்ணப்பங்களை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இணையத்தில் ஏற்றுவதற்கு: ஒரே பத்தி, படமில்லை, கட்டமில்லை, வேலைக்கு வேலை அறிவிப்பைப் பார்த்துச் சொற்களைச் சரிசெய்தது. மற்றொன்று கையில் கொண்டுபோவதற்கு: அதே செய்திகள், ஒரே பக்கம், சற்றுப் பெரிய எழுத்து. முகாம் அறையில் வெளிச்சம் எப்படியிருக்கும் என்பது யாருக்குத் தெரியும்?